முற்றும் என்ற பிறகு: ‘பொன்னியின் செல்வ’னும் அதன் வாசகர்களும்

 

1954ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்றரை ஆண்டுகளாக ‘கல்கி’ வார இதழில் வந்துகொண்டிருந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தது. ஒரு நெடுங்கதை நல்லபடியாக முடிந்தால் படித்தவர்கள் மகிழ்ந்து எழுதுவார்கள் என்றுதான் எந்த ஆசிரியரும் எதிர்பார்ப்பார். வந்தவை வேறு வகைக் கடிதங்கள். ஏமாந்து போனோம் என்றார்கள் சிலர். இவ்வளவு அவசரமாக ஏன் முடித்தீர்கள் என்று கேட்டார்கள் சிலர். ஐந்து பாகம், 293 அத்தியாயம் படித்து முடித்தவர்கள் ‘அவசரம்’ என்கிறார்கள்! அந்தக் குறை நியாயமானது என்பதும், ஆசிரியர் கல்கி அதற்குக் கொடுத்த விடை நாவலின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்தவை.

இதைச் சரித்திர நாவல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். என் வாசிப்பில் இது முதலில் ஒரு குடும்பக் கதை. கண்டராதித்தர் மூத்தவர், அவர் காலமானபோது மகன் சிறு குழந்தை. பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போகிறது. அவருக்குப் பின் அவர் மகன் சுந்தர சோழருக்கு. சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று மூன்று மக்கள். இதற்குள் கண்டராதித்தரின் குழந்தை மதுராந்தகன் வளர்ந்து ஆளாகிவிடுகிறான். மூத்தவர் பிள்ளை இருக்கும்போது இளையவர் வழிக்கு எப்படிப் போகலாம் என்ற கேள்வி எழுகிறது. காவிரிக் கரையில் நாலு காணி நிலம் உள்ள எந்த வீட்டிலும் கேட்டிருக்கக்கூடிய வழக்குதான்; இங்கே நிலத்துக்குப் பதில் சோழ ராஜ்யம். அந்த வழக்கில் பெற்ற தாயே மகனுக்கு எதிராக நிற்கிறாள் என்பதில்தான் கல்கியின் கை தெரிகிறது. செம்பியன் மாதேவி தன் மகன் அரியணை ஏறக் கூடாது என்கிறார். ஏன் என்று தெரிந்துகொள்ள ஐந்தாம் பாகம் வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க வைப்பது தொடர்கதையின் தொழில். அதில் கல்கி தேர்ந்தவர். கதைத் தலைப்புக்கு உரியவனான அருள்மொழியை முதல் பாகம் முழுவதும் கண்ணில் காட்டாமலே வைத்திருந்தார். எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவன் ஈழத்தில் இருக்கிறான். இரண்டாம் பாகத்தில் ஈழத்துக்குப் போன பிறகுதான் அவனைப் பார்க்கிறோம். பார்த்துப் பழகி, பிடித்துப்போன பிறகு, அந்தப் பாகத்தின் முடிவில் அவனைப் புயற்கடலில் தள்ளிவிடுகிறார். எரியும் கப்பல், அலையில் தத்தளிக்கும் இரண்டு பேர், படகோடு தேடி வரும் பூங்குழலி. அன்றைய வாசகர் அடுத்த இதழ் வரும்வரை அந்த அலைகளிலேயே கிடந்திருப்பார்.

இதில் நுட்பமான ஒரு செய்தி இருக்கிறது. இளவரசன் பிழைத்துவிட்டான் என்பது மூன்றாம் பாகத்தில் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. சோழ நாட்டு மக்களுக்குத் தெரியாது. அவர்கள் கடலில் மூழ்கிவிட்டான் என்று அழுகிறார்கள். நாகப்பட்டினம் சூடாமணி விஹாரத்தில் காய்ச்சலோடு அவன் படுத்திருப்பது பாத்திரங்களில் நாலைந்து பேருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். அதாவது, கல்கி வாசகரை நம்பி வீட்டு ரகசியத்தைச் சொல்லி வைக்கிறார். ஊரார் அறியாதது தனக்குத் தெரியும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டால் அவர் வெளியாள் இல்லை, வீட்டு மனிதர். பழுவூர் ராணி நந்தினியின் பிறப்பு, மதுராந்தகனின் பிறப்பு என்று சிலவற்றை மறைத்தாலும், உரிய இடம் வந்ததும் அவிழ்த்துவிடுவார். இப்படி மூன்றரை ஆண்டுகள் நம்பிக்கைக்குரியவர்களாக வைத்திருந்து பழக்கப்படுத்திய வாசகர்களிடம்தான் 1954இல் அவர் கதையை முடித்தார்.

முடிவு எப்படி இருக்கிறது? நாட்டு மக்கள் எல்லோரும் அருள்மொழிக்கே முடி சூட்ட வேண்டும் என்று நிற்கிறார்கள். சேந்தன் அமுதன் என்ற, பூத்தொடுத்துச் சிவப்பணி செய்துகொண்டிருந்த பிள்ளைதான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது தெரிந்துவிட்டது. பட்டாபிஷேக மண்டபத்தில் அருள்மொழி தனக்கு வைத்திருந்த மகுடத்தை எடுத்து அமுதன் தலையில் சூட்டுகிறான். அவனே உத்தம சோழன். அதன்பின் மூன்று அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தின் பெயர் ‘மலர் உதிர்ந்தது!’ சம்புவரையர் மகள் மணிமேகலை, மனம் கலங்கியவளாய், தான் விரும்பிய வீரன் வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள். அத்தோடு திரை விழுகிறது.

இந்தச் சொற்பொழிவு எந்த அம்மையார் நினைவாக நடக்கிறதோ, அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்ததுபோல, வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பாகம் முடிந்ததும் பைண்டு செய்து வைத்திருந்தார். அந்த ஐந்து தொகுதிகளை அவர் குடும்பத்தார் எனக்குப் பார்க்கக் கொடுத்தார்கள். காலிகோ அட்டை, முதுகில் தோல். தைத்தவர் நூலை இழுத்துக் கட்டியதில் உள்ஓரத்து எழுத்துகள் பாதி மடிப்புக்குள் போய்விட்டன. மணியம் வரைந்த படங்கள் இருக்கும் பக்கங்களில் மட்டும் மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் தொகுதியில் நந்தினி குதிரை ஏறிப் போகும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: “இவள் கதி?” கடைசி அத்தியாயத்தின் அடியில், முடிந்த தேதியைக்கூடக் குறிக்காமல், நாலு பெயர்கள்: குந்தவை, வானதி, பூங்குழலி, நந்தினி. நாலும் பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி.

இந்த நாலு கேள்விக்குறிகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மணிமேகலை இறந்ததற்காக அந்த வாசகி அழுதிருக்கலாம். ஆனால் இறந்தவளைப் பற்றி அவருக்குக் கேள்வி இல்லை. உயிரோடு விடப்பட்டவர்களைப் பற்றித்தான். ஆசிரியர் அவர்களை எங்கே விட்டுவிட்டுப் போனார் என்று கேட்கிறார். அடுத்து எந்தப் போர் நடந்தது, எந்த நாட்டைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பென்சிலுக்குத் தேவைப்படவில்லை.

கல்கிக்குக் கடிதம் எழுதியவர்களும் இதே வகையில்தான் கேட்டார்கள் என்பதற்கு அவரே சாட்சி. தொடர் முடிந்தபின் அவர் ஒரு முடிவுரை எழுதினார். இன்று நூலாகக் கிடைக்கும் பதிப்புகளின் இறுதியில் அது இருக்கிறது. வாசகர் கேட்ட கேள்விகளை அதில் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு விடை சொல்கிறார். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கலியாணம் ஆயிற்றா? அருள்மொழி எப்போது அரசன் ஆனான்? ஆழ்வார்க்கடியான் என்ன செய்தான்? நந்தினி என்ன ஆனாள்? தூரத்து ஊரிலிருந்து வந்த உறவினரிடம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரிப்பார்களே, அந்தத் தொனி.

அவர் எரிச்சல்படவில்லை. கதை படிக்கத் தெரியாதவர்கள் என்று தள்ளவும் இல்லை. கேட்டவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டார். குந்தவையின் கலியாணத்துக்குக் கற்பனைகூடத் தேவைப்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. தமிழ் நாவல் உலகில் வாசகர்களின் கோபம் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதவைத்த வேறொரு நிகழ்ச்சியை நான் அறியேன். இந்த முடிவுரையை அனுபந்தம் என்று புரட்டிவிட்டுப் போகும் மாணவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ அங்கேதான் முடிகிறது.

கேள்விகளுக்கு விடை சொல்லுமுன் கல்கி தன் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறார். முழுக்கக் கற்பனையான சமூகக் கதையை ஆசிரியர் விரும்பிய இடத்தில், கலியாணத்திலோ சாவிலோ, முடித்துவிடலாம். சரித்திரத்தில் வாழ்ந்தவர்களின் கதையை அப்படி முடிக்க இயலாது, அவர்கள் அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் இது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. சரித்திரம் நீள்கிறது என்பதுதான் தடை என்றால், அருள்மொழி ராஜராஜனாக அரியணை ஏறும் 985ஆம் ஆண்டு வரைக்கும் கதையைக் கொண்டுபோய் வெற்றிக் கொடியோடு நிறுத்தியிருக்கலாம். எந்த வாசகரும் கோபித்திருக்க மாட்டார். கல்கி வேண்டுமென்றே அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னால் நின்றார்.

காரணம் ஐந்தாம் பாகத்தின் பெயரிலேயே இருக்கிறது: ‘தியாகச் சிகரம்’. திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் ஒரு செய்தி வருகிறது. அரசனாக வேண்டும் என்று மக்கள் வேண்டியும், தன் சித்தப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும்வரை அருள்மொழி அதை மனத்தாலும் நினைக்கவில்லை என்று அவை புகழ்கின்றன. அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்டவை அவை. வெற்றி வீரன் ராஜராஜனை எல்லோரும் அறிவார்கள்; முடியை வேறொருவன் தலையில் வைத்த அருள்மொழியைத்தான் கல்கி எழுத விரும்பினார். 1950களின் தொடக்கத்தில், சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள், பலமுறை சிறை சென்ற ஒரு காந்தியவாதி பதவியை விட்டுக்கொடுப்பதை நாவலின் உச்சியாக வைத்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியாது. அந்த உச்சிக்குமேல் ஓர் அடி வைத்தாலும் இறக்கம். ஆகவே நிறுத்தினார். வாசகரோ அந்த வீட்டுப் பெண்களின் நிலை தெரியாமல் தவித்தார். இரு தரப்பும் சரி.

இதுவரை சொன்னவை விடை கிடைத்த கேள்விகள். விடை கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

சம்புவரையரின் கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறந்த அந்த இரவை மறுபடி படித்துப் பாருங்கள். கரிகாலன் இருக்கிறான், நந்தினி இருக்கிறாள், பாண்டிய வாள் இருக்கிறது. வந்தியத்தேவன் மறைந்திருக்கிறான். பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் ரவிதாசன் கூட்டம் சுற்றி இருக்கிறது. நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் வந்திருக்கிறார். மணிமேகலையும் அருகில். பின் இருள். இருள் நீங்கும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். அதற்கப்புறம் நடப்பதுதான் விசித்திரம். நான்தான் கொன்றேன் என்று மணிமேகலை சொல்கிறாள். வந்தியத்தேவனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று நமக்குப் புரிகிறது. என் கையிலிருந்து போன கத்திதான் என்று பழுவேட்டரையர் பழியை ஏற்கிறார். பழி சுமத்தப்பட்டுச் சிறையில் கிடப்பவன் வந்தியத்தேவன். இத்தனை பேர் பேசியும் எந்தக் கை என்று கல்கி கடைசிவரை சொல்லவில்லை. முடிவுரையிலும் சொல்லவில்லை. நந்தினியின் இறுதிக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது, மரணத் தறுவாயில் அருள்மொழி அவளைச் சந்தித்து அண்ணன் இறந்த உண்மையைத் தெரிந்துகொண்டான் என்கிறார். தம்பிக்குத் தெரிந்துவிட்டது. நமக்குச் சொல்லப்படவில்லை. இளவரசன் உயிரோடு இருக்கும் ரகசியத்தை நம்மிடம் ஒப்படைத்த அதே ஆசிரியர், இங்கே நம்மை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துகிறார். ஏமாற்றம் என்று வாசகர் சொன்னதன் வேர் இங்கே இருப்பதாக நினைக்கிறேன்.

அவர் ஏன் சாத்தினார் என்பதற்குக் காட்டுமன்னார்கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர், அவர்களுடைய உறவினர் ஆகியோரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டதை அது சொல்கிறது. அதுவும் யார் ஏவினார், ஏன் செய்தார்கள் என்று சொல்லவில்லை. கொலை நடந்து ஏறக்குறைய பதினாறு ஆண்டுக்குப் பிறகுதான் நடவடிக்கை. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். அதனால் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழரையே சந்தேகித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் மறுத்தார்கள். கல்கியோ, தன் கதையில் உத்தம சோழனைத் தேவாரம் பாடும் அப்பாவிப் பிள்ளையாகப் படைத்துவிட்டார். அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிக்கும் எண்ணம் அதில் உண்டு என்பது என் கருத்து. ஆனால் வேறொருவர்மீது அதைச் சுமத்தத் தன்னிடம் சான்று இல்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். கல் சொல்லாததை அவர் சொல்லவில்லை.

இன்னொன்று. நாவலின் முதல் அத்தியாயம் எங்கே நடக்கிறது? ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில். வந்தியத்தேவன் குதிரைமேல் போகிறான், மக்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார்கள். அந்த வீராணம் ஏரிக்கு அருகில் இருக்கும் ஊர்தான் காட்டுமன்னார்கோயில். கொலையாளிகளின் பெயர் பொறித்த சுவருக்கு அருகில் கதையைத் தொடங்கி, 293 அத்தியாயம் சுற்றிவந்து, அந்தச் சுவரைத் தாண்டி ஒரு சொல்லும் சேர்க்காமல் முடித்திருக்கிறார்.

வேறு நாட்டில் இதே நிலைக்கு வந்த ஓர் எழுத்தாளரை இங்கே ஒப்பிடலாம். அமெரிக்காவில் மார்கரெட் மிட்செல் 1936இல் ‘கான் வித் த விண்ட்’ என்ற நாவலை வெளியிட்டார். அதுவும் போரில் சிதைந்த ஒரு தென்மாநிலக் குடும்பத்தின் நீண்ட கதை. கணவன் விட்டுப் போய்விட, நாயகி நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கும் இடத்தில் முடிகிறது. அவர்கள் மறுபடி சேர்ந்தார்களா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. தனக்கும் தெரியாது என்பதே மிட்செலின் விடை. 1949இல் இறக்கும்வரை அவர் தொடர்ச்சி எழுதவில்லை. 1991இல் வேறொருவர் எழுதிய தொடர்ச்சி வந்தது. மிட்செல் ஒரு கேள்விக்கும் விடை தரவில்லை. கல்கி, சான்று இருந்தவற்றுக்கு விடை தந்தார், இல்லாத ஒன்றை விட்டுவிட்டார். நான் கல்கியின் பக்கம்.

விட்டுவிட்ட அந்த ஒன்று இன்னும் எழுத வைத்துக்கொண்டிருக்கிறது. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் இந்தக் கதையின் மனிதர்களை எடுத்துக்கொண்டு மேலே நடத்தினார். பாலகுமாரன் ‘உடையா’ரில் ராஜராஜனின் பெரிய கோயில் காலத்தை ஆறு பாகங்களில் எழுதினார். ‘கல்கி’ இதழிலேயே மூலக்கதை வேறு வேறு ஓவியர்களின் படங்களோடு திரும்பத் திரும்பத் தொடராக வந்தது. முடிவு தெரிந்தே ஒரு புதிய தலைமுறை வாராவாரம் காத்திருந்தது. மணிரத்னத்தின் திரைப்படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகமாக வந்தபோது, நடுவில் ஏழு மாதம் அதே பழைய காத்திருப்பு. படம் கொலைக்கு ஒரு விளக்கத்தைக் கண்ணெதிரே காட்டிவிட்டது. சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தை விட்டுவிட்டு, மதுராந்தகன் தலையிலேயே முடியை வைத்தது. நாவலைப் படித்தவர்கள் பலர் சினந்தார்கள். சினிமாவுக்கு அதற்குரிய சுதந்திரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், அரண்மனைப் பிள்ளை என்று தெரியாமல் பூக்கூடையோடு திரிந்தவன் தலையில் மகுடம் ஏறும் அந்தக் கணம் இல்லாமல், அருள்மொழி விட்டுக்கொடுத்ததன் எடை குறைந்துவிட்டது என்பதே என் எண்ணம்.

தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார். வயது 55. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அதை அவர் மகள் ஆனந்தி, தந்தை விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு எழுதி முடித்தார். வாசகர்களை அந்தரத்தில் விடக் கூடாது என்ற எண்ணம் அந்த வீட்டில் எவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறது பாருங்கள்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கல்கி எழுதியதைப் பற்றி நிறைய ஆய்வேடுகள் வந்துவிட்டன. அவரைப் படித்தவர்கள் எழுதியதைத் தேடும் வேலை அந்த அளவு நடக்கவில்லை. அனுப்பாமல் விட்ட கடிதம், பைண்டு தொகுதியின் ஓரக் குறிப்பு, நாட்குறிப்பில் ஒரு வரி, இவையெல்லாம் இன்னும் வீடுகளில் பரணில் கிடக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய தமிழ் அச்சுப் பொருள்களைப் பேணுகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இருந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்தில் காட்டுங்கள். அந்த ஆசிரியையின் குடும்பத்தார் தங்களிடம் உள்ள ஐந்து தொகுதிகளையும் மாணவர்கள் பார்வைக்குத் தர இசைந்திருக்கிறார்கள். முதுகலை மாணவர் ஒருவராவது அந்த நாலு கேள்விக்குறிகளிலிருந்து தம் ஆய்வைத் தொடங்க முன்வந்தால், உடன் உட்கார்ந்து படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.